அத்தியாயம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

38 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். காலை 5.30 மணிக்கு எழுந்தாக வேண்டும். இரவு 10 மணிக்குத்தான் வீடு அடங்குகிறது. அதன் பிறகு ஒரு நாவலைக் கையில் எடுத்தால் 12.45 ஆகிவிடுகிறது, சில நாள் ஒரு மணியும் தாண்டிவிடுகிறது. கணவரின் தூக்கம் கெடக் கூடாது என்று கடந்த ஒரு வருடமாக விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசியிலேயே படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை 9.30 வரை தூங்கி ஈடுகட்டுகிறார். "எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது" என்கிறார். அதே கடிதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு எண்கள் கண்முன் மங்குவதாகவும், ஒரு தொகையை மூன்று முறை கூட்டிச் சரிபார்ப்பதாகவும், பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவதாகவும் எழுதியிருக்கிறார். போன மாதம் ஸ்கூட்டரில் போகும்போது, சிக்னலில் முன்னால் ஒரு வண்டி நிற்பதே கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டதாம். கண் கெட்டுப்போகும், உடம்பும் கெட்டுப்போகும் என்று சொல்லி, புத்தக அலமாரியைப் பூட்டப்போவதாகக் கணவர் எச்சரித்திருக்கிறார். உடன் வேலை பார்க்கும் தோழி, தான் சாப்பிடும் தூக்க மாத்திரையில் நான்கைக் கொடுத்திருக்கிறார். "இது தூக்கமின்மை நோயா? மாத்திரை போடலாமா? இரவில் படிப்பதை அடியோடு விட்டுவிட வேண்டுமா? ஒரு நாளில் அந்த நேரம் மட்டும்தான் டாக்டர், என்னுடையது" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

"அந்த நேரம் மட்டும்தான் என்னுடையது" என்ற வாக்கியத்தில்தான் உங்கள் சிக்கல் முழுவதும் இருக்கிறது. காலை 5.30 முதல் இரவு 10 வரை, அலுவலகத்துக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் என்று பதினாறரை மணி நேரம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது தூக்கத்துக்கான நேரம் ஒன்றுதான். அதிலிருந்து யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ள முடிகிறது, எடுத்துக்கொள்கிறீர்கள். ஆகவே "புத்தகத்தை மூடிவிட்டுப் படுங்கள்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. வாசிப்பு உங்களிடம் இருக்க வேண்டும். அது இருக்கும் இடம்தான் மாற வேண்டும்.

இது நோயா?

புத்தகத்தை மூடிய எத்தனை நிமிடத்தில் தூங்குகிறீர்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கைபேசி கையிலிருந்து நழுவுவதுகூடத் தெரியாது." தூக்கமின்மை நோய் என்று நாங்கள் சொல்வது வேறு. படுக்க நேரம் இருக்கும், அறை அமைதியாக இருக்கும், உடல் அசந்திருக்கும். ஆனாலும் தூக்கம் வராது, அல்லது வந்த தூக்கம் நடுவில் கலைந்துவிடும். வாரத்தில் மூன்று இரவுகளாவது இப்படி, மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். உங்களுக்குத் தூக்கம் வருகிறது. அதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை. படுக்கப் போவதைக் காரணமில்லாமல் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2014ல் தனியாகப் பெயர் கொடுத்து ஆராயத் தொடங்கினார்கள். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் இதே நிலையில் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆகவே அந்த நான்கு மாத்திரைகளைத் தொடாதீர்கள். வராத தூக்கத்தை வரவழைக்க, ஒருவருடைய உடல்நிலையைப் பார்த்து ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தவை அவை. இரவு ஒரு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டால், அதன் மயக்கம் தெளிவதற்கு முன்பே 5.30க்கு எழுந்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுப்பீர்கள். தோழி அன்பாகத்தான் கொடுத்திருக்கிறார். அன்பாகவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"பழகிவிட்டது" என்பது

இந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் அசைத்துப் பார்க்க விரும்புகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட ஒரு சோதனை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆரோக்கியமான 48 பேரில் சிலரை இரண்டு வாரங்களுக்கு இரவில் நான்கு மணி நேரமும், சிலரை ஆறு மணி நேரமும், சிலரை எட்டு மணி நேரமும் மட்டும் படுக்க வைத்தார்கள். ஆறு மணி நேரம் படுத்தவர்களின் கவனமும் நினைவுத்திறனும் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு வார முடிவில் ஒன்றிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கின. ஆனால் அவர்களிடம் கேட்டபோது, கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்கள். தூக்கம் குறையும்போது, குறைகிறது என்று உணரும் திறனும் சேர்ந்தே மழுங்குகிறது. உங்களுக்குப் பழகியிருப்பது அந்த மங்கலான நிலை. மூன்று முறை கூட்டிப் பார்க்கும் தொகை அதற்குச் சாட்சி.

பிறவியிலேயே குறைந்த தூக்கம் போதுமானவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். 2009ல் ஒரு தாயிடமும் மகளிடமும் அதற்கான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது மிக அரிது. அப்படிப்பட்டவர்களை அடையாளம் காண்பதும் எளிது: அவர்கள் விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்குத் தானாக எழுந்துவிடுவார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை 9.30 வரை தூங்குகிறீர்கள். உங்கள் உடல் தன் பதிலை வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வயதுவந்தவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். 12.45க்குப் படுத்து 5.30க்கு எழுந்தால் நான்கே முக்கால். ஓர் இரவுக்கு இரண்டே கால் மணி நேரம் கடன். ஆறு இரவுகளில் பதின்மூன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு மணிக்கு மேல் நீங்கள் கூடுதலாகத் தூங்கித் திருப்பிக் கொடுப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த ஒன்றே முக்கால் மணியும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரே நாளில் நான்கு மணி நேரம் தள்ளி எழுவதால் உடலுக்குள் ஓடும் கடிகாரம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அன்று இரவு 10 மணிக்குத் தூக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. புத்தகம் இன்னும் நீளமாகப் போகிறது. திங்கட்கிழமைக் காலைகள்தான் மிகக் கொடுமை என்று எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான்.

இன்னொன்று. இரவு 9 மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது கண்ணைச் சுழற்றும் தூக்கம், 10.30க்குப் புத்தகத்தைத் திறந்ததும் காணாமல் போய்விடுகிறது, ஆகவே உடம்புக்குத் தூக்கம் தேவைப்படவில்லை என்று நினைத்தீர்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பாக உடல் கடிகாரம் ஒரு கடைசி விழிப்பைக் கொடுக்கிறது. நீங்கள் தினமும் ஒரு மணிக்குத் தூங்குவதால் அந்த விழிப்பு சரியாகப் பத்து, பத்தரைக்கு வருகிறது. படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தால், அந்தத் தெளிவும் இரண்டு மூன்று வாரங்களில் எட்டு மணிப் பக்கமாக நகர்ந்துவிடும். படிப்பதற்கு அதைவிட நல்ல நேரம் வேறு இல்லை.

ஸ்கூட்டர்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சிக்னலில் நடந்தது கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நுண்தூக்கம் போலத் தெரிகிறது. கண் திறந்தே இருக்கும். மூளை மட்டும் சில நொடிகள் தூங்கிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. மூன்று நொடி என்றால் 33 மீட்டர், யாரும் ஓட்டாத வண்டியாக. முந்தைய இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்று வண்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் போங்கள், அல்லது கணவரைக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அவருக்குச் சிரமமாக இருக்கும். இருக்கட்டும். பகலில் கண் சொருகினால் மூன்று மணிக்கு முன்பாக இருபது நிமிடம் மேசையில் தலை சாய்த்துத் தூங்கி எழுங்கள். மாலை காபியை நம்பாதீர்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்.

கண்ணும் கைபேசியும்

உங்கள் கணவருக்கு: மங்கலான வெளிச்சத்தில் படிப்பதால் கண் நிரந்தரமாகக் கெட்டுப்போவதில்லை. கண் இமைப்பது குறைந்து எரிச்சல், உலர்வு, தலைவலி வரும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். நாற்பதை நெருங்கும் வயதில் வெள்ளெழுத்து மெல்லத் தொடங்கலாம் என்பதால் கண் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அவ்வளவுதான்.

கைபேசி விஷயம் வேறு. கணவரின் தூக்கத்துக்காக நீங்கள் செய்த மாற்றம் உங்கள் தூக்கத்தைத்தான் பாதித்திருக்கும். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நடந்து 2015ல் வெளியான ஆய்வில் 12 பேரைப் படுக்கும் முன் நான்கு மணி நேரம் படிக்க வைத்தார்கள். ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகம், ஐந்து இரவுகள் ஒளிரும் திரை. திரையில் படித்த இரவுகளில், உடலைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு பாதிக்கு மேல் குறைந்தது. தூக்கம் வர ஏறத்தாழ பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. உடல் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்திருந்தார்கள், உங்கள் கைபேசி அவ்வளவு பிரகாசமாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அச்சுப் புத்தகத்துக்கே திரும்புங்கள். பக்கத்தின் மேல் மட்டும் விழும்படி, அட்டையில் செருகிக்கொள்ளும் சிறிய மஞ்சள் விளக்கு ஒன்று போதும். கைபேசியில் பக்கங்களுக்குத் தடிமன் இல்லை. அச்சுப் புத்தகத்தில் இடது கைப்பக்கம் கனத்துக்கொண்டே வருவதை விரல் உணர்ந்துகொண்டிருக்கும். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது படிப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

எங்கே நிறுத்துவது

"இந்த அத்தியாயம் முடிந்ததும் மூடிவிடுவேன் என்று தினமும் சபதம் செய்கிறேன், மூட முடிவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது மன உறுதி பற்றிய விஷயமே இல்லை. நாவலாசிரியர்கள் அத்தியாயத்தை எங்கே முடிக்கிறார்கள் என்று பாருங்கள். கதவு தட்டப்படும், திறப்பதற்குள் அத்தியாயம் முடியும். கடிதம் பிரிக்கப்படும், வாசிப்பதற்குள் முடியும். உங்களை அடுத்த பக்கத்துக்கு இழுக்கவென்றே கட்டப்பட்ட இடம் அது. இருப்பதிலேயே வழுக்கலான படியில் நின்றுகொண்டு நிற்கப் பார்க்கிறீர்கள்.

நடுவில் நிறுத்துங்கள். இருவர் அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும் பக்கத்தில், ஒரு தெருவோ மரமோ வர்ணிக்கப்படும் பத்தியில், ஏன், வாக்கியத்தின் பாதியில்கூட. பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டு, அடையாள அட்டையைச் செருகி மூடிவிடுங்கள். என்னிடம் வந்த சிலருக்கு இதைச் சொன்னபோது முதலில் தயங்கினார்கள்; பிறகு, மறுநாள் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குவது எளிதாக இருந்தது என்றார்கள்.

நள்ளிரவுக்கு மேல் படித்த பக்கங்களை மறுநாள் மீண்டும் புரட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்லியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி அது. தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய பக்கங்கள் உங்களிடம் தங்கவே இல்லை. படித்தது மனத்தில் படிவதற்கே தூக்கம் வேண்டும் என்று 1924லேயே, இரண்டு மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்துத் தூங்கவிட்ட ஒரு சோதனை காட்டியது. விழித்திருந்தபோது மறந்ததைவிடத் தூங்கியபோது அவர்கள் மறந்தது குறைவு. அதன் பிறகு வந்த ஆய்வுகள் அதை மேலும் மேலும் உறுதிசெய்திருக்கின்றன. நாவலை நேசிக்கிறவர் நீங்கள். அந்த நாவலுக்காகவாவது தூங்குங்கள்.

என்ன செய்யலாம்

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்படியே தொடர்வது ஒன்று. ஸ்கூட்டரை நினைத்தால் அதற்கு நான் சம்மதிக்க முடியாது. இரவு வாசிப்பை அடியோடு நிறுத்துவது இன்னொன்று. செய்தால் பத்து நாள் தாங்குவீர்கள். அதன் பிறகு ஒரே இரவில் ஒரு நாவலை விடிய விடியப் படித்து முடிப்பீர்கள். நான் சொல்வது மூன்றாவது வழி.

எழும் நேரத்தை முதலில் உறுதியாக்குங்கள்: தினமும் 5.30, ஞாயிற்றுக்கிழமை அதிகபட்சம் 6.30. இன்றிரவே 11.45க்கு விளக்கை அணையுங்கள். உங்களுக்கு இருக்கும் கடனுக்கு உடனே தூங்கிவிடுவீர்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகருங்கள். ஐந்தே நகர்த்தலில், பதினைந்து நாளில், 10.30க்கு வந்துவிடலாம். மூடும் நேரத்துக்கு ஓர் அலாரம் வையுங்கள். அதை அடுத்த அறையில் வையுங்கள், எழுந்துபோய்த்தான் நிறுத்த வேண்டும். படுக்கையில் படிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுவே. தூக்கம் வராதவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்வது படுக்கையைத் தூக்கத்தோடு மட்டும் பழக்குவதற்காக. உங்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் நாற்காலியிலிருந்து ஒருமுறை எழுந்தாக வேண்டும், எழும்போது புத்தகம் மூடும். அந்தக் கடைசி அரைமணிக்கு விறுவிறுப்பான நாவல் வேண்டாம். ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன புத்தகம், கட்டுரைகள், கவிதைகள் இருக்கட்டும்.

அப்படியானால் நாவலை எப்போது படிப்பது? இதற்குப் பதில் உங்களிடம் மட்டும் இல்லை, உங்கள் கணவரிடமும் இருக்கிறது. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அலமாரியைப் பூட்டினால் அவர் கைபேசியில் படிப்பார். அது இன்னும் கெடுதல். பூட்டுவதற்குப் பதிலாக மாலையில் நாற்பது நிமிடம் கொடுங்கள். எட்டு மணியிலிருந்து எட்டு நாற்பது வரை பிள்ளைகளின் பாடமும் பாத்திரங்களும் உங்கள் பொறுப்பு. அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். "அம்மா எங்கே" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம். இதையும் அலுவலக இடைவேளையில் ஒரு கால் மணி நேரத்தையும் கூட்டினால் வாரத்துக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல், தெளிந்த கண்ணோடு படித்ததாக ஆகும். பகலில் தனக்கென்று நேரம் இருப்பவர், இரவிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நடுவில் ஒருநாள் தவறி ஒரு மணி ஆகிவிட்டால் பதறாதீர்கள். மறுநாள் அதே 5.30க்கு எழுந்து, வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, இரவு திட்டப்படி படுங்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது

நான்கு வாரம் ஏழு மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் கண் சொருகினால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறுவதாகக் கணவர் சொன்னாலோ, படுத்தால் கால்கள் அமைதியில்லாமல் இழுத்தாலோ காத்திருக்கவே வேண்டாம். ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் தேவைப்படலாம்.

கடைசியாக ஒன்று. நான்காம் பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், பிறகு சேர்த்தது போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "புத்தகத்தை மூடினால் மனம் எதையாவது நினைக்கத் தொடங்கிவிடுகிறது." அது என்னவென்று எழுதவில்லை. ஒருவர் புத்தகத்தின் மீதுள்ள ஆசையால் விழித்திருப்பது ஒன்று. புத்தகம் மூடியதும் வந்து நிற்கும் நினைவுக்குப் பயந்து விழித்திருப்பது வேறொன்று. இரண்டாவது உங்களுக்கு இருக்குமானால், நான் மேலே சொன்ன அலாரமும் நாற்காலியும் பாதி தூரத்துக்குத்தான் உதவும். அந்த நினைவைப் பற்றி ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அதற்கு இப்போது துணிவு வரவில்லை என்றால், மூன்று வாரம் கழித்து எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்ற குறிப்போடு எனக்கு எழுதும்போது, அந்த ஓரத்து வரியையும் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள். முழுவதும் படிப்பேன்.